ஆறில் போட்ட அஸ்திவாரம் அறுபதில் தெரியும்!

"அந்தக் காலத்து மனுஷிங்க உடம்பெல்லாம் இரும்பு! பத்துப் பிள்ளை பெத்து, உரல்லே குத்தி, அம்மியிலே அரைச்சு, எண்பது வயசிலேயும் ஊசியிலே நூல் கோத்தாங்க. நமக்குத்தான் நாற்பதிலேயே முட்டி வலி!"

இந்தப் பேச்சு கேட்காத வீடு உண்டா? ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊசியில் நூல் கோத்த பாட்டியைத்தான் நாம் பார்த்தோம். அவளோடு கூடப் பிறந்து, முதல் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்ட அக்காவை நாம் பார்க்கவில்லை. நாலு வயசில் ஜுரத்தில் போன தம்பியையும் பார்க்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில், இங்கே பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம்தான். இன்றைக்கு அது 70ஐத் தொட்டிருக்கிறது. எல்லாவற்றையும் தாண்டிக் கரையேறின சிலரை வைத்துக்கொண்டு, 'அந்தக் காலத்து உடம்பு' என்று நாம் பெருமூச்சு விடுகிறோம்.

சரி, அப்படியானால் கேள்வியை வேறு விதமாகக் கேட்போம். ஒரே தெருவில், ஒரே வயசில் இரண்டு அம்மாள்கள். அறுபத்தைந்து வயசில் ஒருத்தி காலையில் கோலம் போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்து போகிறாள். இன்னொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்புறம் போக முடிகிறது. இரண்டு பேருக்கும் ஏன் இந்த வித்தியாசம்? "வயசாச்சு, எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அப்படி விடவில்லை. துருவித் துருவிப் பார்த்தார்கள். வயோதிகத்தில் வருகிற வியாதிக்குக் காரணம் வயசு மட்டுமில்லை. பிறந்த வீட்டில் என்ன கிடைத்தது, எத்தனை வகுப்பு படித்தாள், எந்த அடுப்பில் சமைத்தாள், கையில் நாலு காசு இருந்ததா என்பதெல்லாமும்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மைசூர் ஆஸ்பத்திரியின் பழைய நோட்டுப் புத்தகம்

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே 1934ஆம் ஆண்டிலிருந்து ஒரு நல்ல வழக்கம். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு, நீளம் அளந்து, தலைச் சுற்றளவையும் எடுத்து நோட்டில் எழுதி வைத்துவிடுவார்கள். அந்த நோட்டுகளை யாரும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவில்லை. பத்திரமாக இருந்தன.

வருஷங்கள் ஓடின. 1934க்கும் 1954க்கும் நடுவில் அங்கே பிறந்து, மைசூரிலேயே வசித்துவந்த 517 ஆண் பெண்களைத் தேடிப் பிடித்து, டாக்டர்கள் இருதயப் பரிசோதனை செய்தார்கள். 1996ல் அந்த முடிவு வெளியாயிற்று. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் நூற்றுக்குப் 11 பேருக்கு இருதய ரத்தக்குழாய் நோய். 3.1 கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவர்களிலோ நூற்றுக்கு 3 பேருக்குத்தான். தாய் மெலிந்தவளாக இருந்தால், பிள்ளைக்கு இந்த ஆபத்து கூடுதலாக இருந்ததும் தெரிந்தது.

இதற்கு முன்னாலேயே இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் இதே விஷயத்தைச் சொல்லியிருந்தார். அங்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911 முதல் மருத்துவச்சிகள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் எடையைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பேரேடுகளைப் புரட்டி, எடை குறைந்து பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் மாரடைப்பில் இறப்பது ஜாஸ்தி என்று 1989ல் எழுதினார். முதலில் பல பேர் நம்பவில்லை. "தொட்டிலுக்கும் மாரடைப்புக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. வீட்டில் வருமானம் குறைந்த மாசத்தில் நாம் என்ன செய்கிறோம்? அரிசி, பாலுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் சுருக்குகிறோம் இல்லையா? கர்ப்பத்தில் இருக்கிற சிசுவும் அதைத்தான் செய்கிறது. தாயிடமிருந்து வருகிற சத்து போதவில்லை என்றால், மூளைக்கு முதல் பங்கு கொடுத்துவிட்டு, சிறுநீரகம், கணையம், தசை இவற்றுக்கெல்லாம் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுகிற நுண்ணிய வடிகட்டிகள் லட்சக்கணக்கில் உண்டு. அவை பிரசவத்துக்கு முன்பே உருவாகி முடிந்துவிடும். பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. குறைந்த எண்ணிக்கையோடு பிறந்த குழந்தை, ஆயுள் முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். ஐம்பது வயசில் இரத்தக் கொதிப்பு எட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடனே, "ஐயோ, என் குழந்தை ரெண்டேகால் கிலோதானே பிறந்தது!" என்று பதறாதீர்கள். நூற்றுக்குப் 11 பேருக்கு வியாதி என்றால், மற்ற 89 பேருக்கு அந்த வியாதி இல்லை என்றும் அர்த்தம். இது ஜாதகம் அல்ல, எச்சரிக்கை மட்டுமே. அப்படிப் பிறந்த குழந்தையை 'கொழுகொழு'வென்று ஆக்க வேண்டுமென்று சர்க்கரையும் நெய்யுமாகத் திணிப்பதும் தப்பு. நம் நாட்டுச் சிசுக்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும், தசை குறைந்து கொழுப்புச் சேர்ந்தே பிறக்கின்றன என்று புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி நம் ஜனங்களுக்கு இளவயசிலேயே வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆறு மாசம் தாய்ப்பால், அதற்கப்புறம் பருப்பு, முட்டை, கீரை என்று கட்டியான ஆகாரம், ஓடியாடி விளையாட இடம் – இதுதான் நல்லது.

கடைசிப் பந்தி யாருக்கு?

கர்ப்பிணிக்குச் சத்துக் குறைவு என்றால், அந்தக் குறைவு கர்ப்பமான அன்றைக்கா வந்தது? அவள் பத்து வயசுப் பெண்ணாக இருக்கும்போதே வந்தது. அண்ணனுக்கு முட்டை, இவளுக்குக் குழம்பு. கல்யாணமான பிறகு மாமனார், கணவர், குழந்தைகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தின் அடியில் இருப்பதை வழித்து இவள் சாப்பிடுகிறாள். "எனக்கென்ன, ரசத்தை ஊத்திச் சாப்ட்டாப் போச்சு!" எத்தனை வீட்டில் இந்த வசனம்!

2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. அதாவது பாதிக்கும் மேலே! 'சோம்பேறி', 'எப்பப் பார்த்தாலும் படுத்துக்கிறா' என்று பேர் வாங்கின எத்தனையோ மருமகள்களுக்கு உண்மையில் ரத்தம்தான் குறைவு.

எலும்பும் இப்படித்தான். எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேருகிற காலம் ஏறக்குறைய முப்பது வயசோடு முடிந்துவிடுகிறது. அதுவரைக்கும் போட்டு வைத்ததை வைத்துத்தான் அப்புறம் செலவு. மாதவிலக்கு நின்றபின் அந்தச் செலவு வேகமாகிவிடும். பள்ளிக்கூடத்து வயசில் பால், கேழ்வரகு, வெயில், விளையாட்டு எல்லாம் கிடைத்தவளுக்குச் சேமிப்பு மிச்சமிருக்கும். கிடைக்காதவள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு படுக்கைதான்.

அடுப்பையும் மறக்கக் கூடாது. பீடி, சிகரெட்டை ஆயுசில் தொட்டே இராத பாட்டிமார்களுக்கு ஏன் தீராத இருமலும் இரைப்பும்? நாற்பது வருஷம் விறகும் வறட்டியும் வைத்து, ஜன்னல் இல்லாத சமையலறையில் ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்ததன் பலன் அது. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கிறது. கண்ணில் புரை விழுவதற்கும் துணை செய்கிறது. காஸ் அடுப்பு வாங்க வசதி இருந்த வீட்டுப் பெண்ணுக்கும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அறுபது வயசில் மூச்சு விடும்போது தெரிகிறது.

நாலு எழுத்து படித்தால் ஞாபகம் நிற்குமா?

நிற்கும் என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1986ல் டேவிட் ஸ்னோடன் என்பவர் 678 கன்னியாஸ்திரீகளை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். எல்லோரும் 75 வயதைத் தாண்டினவர்கள். மடத்தில் ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வைத்தியம். பணக்காரி ஏழை என்ற பேதமில்லை. அப்படியும் ஒருத்தி தொண்ணூறிலும் தெளிவாகப் பேசுகிறாள், இன்னொருத்தி தன் பெயரையே மறக்கிறாள். எதனால்?

மடத்தில் சேரும்போது, இருபது இருபத்திரண்டு வயசில், அவர்கள் தங்கள் கதையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழைய தாள்களை எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் கருத்து நிறைந்து எழுதியிருந்தவர்களுக்குச் சுமார் அறுபது வருஷம் கழித்தும் நினைவு நன்றாக இருந்தது. கருத்து வறண்டு எழுதியிருந்தவர்களுக்கு ஞாபக மறதி நோய் அதிகமாக வந்திருந்தது. இந்தச் செய்தி வெளியான வருஷமும் 1996தான்.

நம் நாட்டுக் கணக்கும் இதோடு ஒத்துப் போகிறது. 2017–18ல் தொடங்கிய இந்திய முதுமை ஆய்வில், 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களைச் சந்தித்துக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து நடந்த பரிசோதனைகளின்படி, அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய். மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்! ஆண்களைவிடப் பெண்களுக்கு ஜாஸ்தி. நகரத்தைவிடக் கிராமத்தில் ஜாஸ்தி. படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு ஜாஸ்தி. பெண்ணின் மூளை என்ன மட்டமா? இல்லவே இல்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்று அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்களே, அதன் விலையும் இதில் சேர்ந்திருக்கிறது. சிறு வயசில் படிப்பு, மூளைக்குக் கூடுதல் பலத்தைச் சேர்த்து வைக்கிறது. பிற்காலத்தில் கொஞ்சம் தேய்ந்தாலும் தாங்குகிறது.

லண்டன் குமாஸ்தாக்கள் சொல்லும் பாடம்

"இதெல்லாம் ஏழைகள் சமாசாரம். நமக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லையே" என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இதையும் கேளுங்கள்.

லண்டனில் 1967ல் சுமார் 18,000 அரசாங்க உத்தியோகஸ்தர்களை ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் நிரந்தரச் சம்பளம், வைத்தியம் இலவசம். பட்டினி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் என்ன ஆயிற்று? கடைநிலை ஊழியர்களின் மரண விகிதம், மேல்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்கு! நடுவில் இருந்தவர்களும் படி படியாக, ஒவ்வொரு படியும் தனக்கு மேல் இருந்த படியைவிட மோசம். சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று எல்லாக் கணக்கையும் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசத்தில் பெரும் பகுதி மறையவில்லை. இந்த ஆராய்ச்சியை மைக்கேல் மார்மட் என்ற டாக்டர் தொடர்ந்து நடத்தினார். பிற்பாடு பெண் ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். செய்கிற வேலையில் தன் இஷ்டத்துக்கு எதையும் தீர்மானிக்க முடியாத நிலைமை, இருதயத்தைப் பாதிக்கிறது என்று கண்டார்கள்.

இதைப் படிக்கிறபோது நம் வீட்டு ஞாபகம் வருகிறதா இல்லையா? காலை ஐந்து மணி முதல் ராத்திரி பதினொன்று வரைக்கும் வேலை. ஆனால் என்ன சமைப்பது என்பதுகூடத் தன் கையில் இல்லை. தலைவலி மாத்திரைக்கும் கணவரிடம் கை நீட்ட வேண்டும். டாக்டரிடம் போக யாராவது கூட வர வேண்டும். "இப்ப என்ன அவசரம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளித் தள்ளியே மார்பில் இருந்த சிறு கட்டி பெரிசாகிவிடுகிறது. பெண்கள் ஆண்களைவிட அதிக வருஷம் உயிரோடு இருக்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் அந்த வருஷங்களில் நிறைய, வலியோடும் வியாதியோடும், பல பேருக்கு விதவைக் கோலத்தில் பிறர் கையை எதிர்பார்த்தும் கழிகின்றன. ஆகவே, கையில் சொந்தமாக நாலு காசு இருப்பதும் ஆரோக்கியத்துக்கு ஒரு மருந்துதான்.

மாற்ற முடியும், மாற்றியும் இருக்கிறார்கள்

பிறந்த வீட்டு வறுமையை யாரும் கேட்டு வாங்கி வருவதில்லை. அதனால் 'நீ சரியாகச் சாப்பிடவில்லை, நீ நடக்கவில்லை' என்று நோயாளியையே குற்றம் சொல்வது நியாயமில்லை. ஊர் கூடிச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

செய்தால் பலன் உண்டா? நம் தமிழ்நாடே சாட்சி. 1956ல் காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு தொடங்கியது. 1982ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாகப் பெருகியது. 1995ல் தேசம் முழுவதற்கும் மதிய உணவுத் திட்டம் வந்தது. 2022ல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. ஒரு பிடி சோறுதானே என்று நினைக்காதீர்கள். 2021ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள், வயசுக்கேற்ற உயரத்தோடு வளர்வதில் முந்தியிருப்பதைக் காட்டியது. ஒரு தலைமுறைப் பெண்ணுக்குப் போட்ட சோறு, அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிகிறது!

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் பெண்ணுக்கு: முட்டையோ பாலோ, பிள்ளைக்குக் கொடுக்கிற அளவு பெண்ணுக்கும் கொடுங்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற இரும்புச்சத்து மாத்திரையைத் 'தூக்கிப் போட்டுடாதே' என்று சொல்லி அனுப்புங்கள். பூச்சி மருந்தும் தவறாமல் கொடுங்கள். மாலையில் விளையாட விடுங்கள். முக்கியமாக, படிப்பை நடுவில் நிறுத்தாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்கு: "அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெரிசாகிப் பிரசவம் கஷ்டமாகும்" என்று சோற்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

உங்களுக்கு: முதலில், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்ளட்டும்; ஒன்றும் குடி முழுகிவிடாது. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, தயிர் ஆகியவை வாரத்தில் பல நாள் இருக்கட்டும். முப்பது வயசிலிருந்தே வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையே தேகப் பயிற்சி என்று இருந்துவிடாமல், தினமும் அரை மணி நேரம் வீசி நடங்கள். உங்கள் பெயரில் ஒரு பாங்க் கணக்கு, அதில் சிறு துகையாவது மாதா மாதம் விழட்டும். பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005ல் நாடு முழுவதற்குமாகத் திருத்தப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் தங்கள் முதுமையையும் நினைத்துக்கொள்ளட்டும்.

மாமியாருக்கும் அம்மாவுக்கும்: காது மந்தமா? "வயசாச்சுல்ல" என்று விடாதீர்கள். காது கேளாமை மறதி நோய்க்கு வழி வகுக்கிற காரணங்களில் ஒன்று. மறதி நோய்க்கு இப்படிப் பதினான்கு காரணங்களை, சரிப்படுத்தக் கூடியவை என்று மருத்துவ நிபுணர் குழு 2024ல் பட்டியல் போட்டிருக்கிறது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. கண்ணில் புரை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் திட்டம். எழுபது வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் மத்திய அரசின் காப்பீடு 2024 அக்டோபரில் அறிமுகமானது. முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள். இதற்கெல்லாம் அலைய அவர்களுக்குத் தெம்பு இருக்காது. படித்த மருமகள்தான் துணைக்குப் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தும். வாரத்தில் ஒரு நாள் லீவு, உடம்பு முடியாவிட்டால் சம்பளம் பிடிக்காமல் ஓய்வு, சூடாக ஒரு வேளைச் சாப்பாடு – இவை தானமல்ல, அவளுடைய அறுபதாம் வயதுக்கு நாம் செலுத்த வேண்டிய பங்கு.

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். உங்கள் பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது, உங்கள் தட்டில் என்ன மிஞ்சுகிறது? அதில் குறை இருந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் அப்போதே கரண்டியை எடுத்துச் சரி செய்துவிடுங்கள்.